பார்த்த நாள்

மாலை நாலு மணி. அதற்குமேல் ஒரு நிமிடம் ஆனாலும் ஒன்பது வருட ஆய்வு அம்போ.

இதைச் சொன்னவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு அலுவலர். சொன்ன நேரம் காலை பத்து இருபது. ஃபோனில் கேட்டவர் ஒரு கல்லூரி ஆசிரியர். கல்லூரியில் அவருக்கு அடிக்குறிப்பார் என்று பெயர். யார் எது சொன்னாலும் அடியில் ஒரு விளக்கம் சேர்க்காமல் விடமாட்டார். "மழை வரும்போல இருக்கே" என்று சும்மா சொல்லிப் பாருங்கள். "வரும் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்றால்…" என்று ஆரம்பித்து, மழை வந்து நின்ற பிறகும் பேசிக்கொண்டிருப்பார். அப்பேர்ப்பட்டவர் முகத்தில் இப்போது ஈயாடவில்லை.

"சார், உங்க ஆய்வேட்டுல ஆதாரப் பட்டியல் பார்த்தேன்" என்றார் அலுவலர். "புத்தகமெல்லாம் சரியா இருக்கு. இணையதளம் மட்டும் அறுபத்தொண்ணு இருக்கு. ஒண்ணுக்குக்கூடப் பார்த்த நாள் போடலையே?"

"பார்த்த நாளா?"

"ஆமா சார். புத்தகம் அச்சானா அதோட சரி, மாறாது. இணையப் பக்கம் அப்படியா? காலையில ஒண்ணு சொல்லும். மத்தியானம் அதையே மாத்திச் சொல்லும். சாயங்காலம் தேடினா ஆளையே காணோம். அதனால எந்த நாள் போய்ப் பார்த்தீங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எழுதணும்."

காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு, சாயங்காலம் ஆளைக் காணோம். அடிக்குறிப்பாருக்கு யாரோ தன்னைப் பற்றியே புகார் கொடுத்த மாதிரி இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அடுத்த வாரம் கொண்டு வரட்டுமா?"

"உங்க பதிவு இன்னையோட முடியுது சார். மூணு தடவை நீட்டிச்சாச்சு. நாலு மணிக்குக் கவுன்டர் மூடிட்டா, நீங்க மறுபடி முதல் வருஷத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

ஃபோன் வைக்கப்பட்டது. அடிக்குறிப்பார் அப்படியே நாற்காலியில் சரிந்தார். வாசல் கதவில் மாட்ட 'முனைவர்' என்று பலகைகூட எழுதச் சொல்லியாயிற்று!

அவர் எந்தப் பக்கத்தை எந்த நாளில் பார்த்தார்? யாருக்குத் தெரியும்? கண்ணில் பட்டது, முகவரியை நகலெடுத்தார், ஒட்டினார், போய்க்கொண்டே இருந்தார். தேதி என்று ஒன்று இருப்பதே சம்பளப் பட்டுவாடா அன்றுதான் அவருக்கு ஞாபகம் வரும்.

கூடத்தில், சாப்பாட்டு மேசையில், அவர் மனைவி ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெரிய மருத்துவமனை ஒன்றில் பதிவேட்டுப் பிரிவில் வேலை அவளுக்கு. நோயாளிகளின் ஃபைல் எல்லாம் அவள் கையில். பதினாறு வருடமாக அந்த அறையிலிருந்து ஒரு தாள் காணாமல் போனதில்லை. இன்றைக்கு அவள் விடுப்பு எடுத்திருந்ததே அந்தப் படிவத்துக்காகத்தான். மூன்று மாதப் பயிற்சி, வெளியூரில், விடுதியில் தங்கவேண்டும். முடித்து வந்தால் அந்தப் பிரிவுக்கே அவள்தான் அதிகாரி. படிவம் சேரவேண்டிய கடைசி நேரம் இன்று மாலை ஐந்து.

எல்லாம் நிரப்பியாயிற்று. ஒரே ஒரு கட்டம் காலி. 'பயிற்சிக் காலத்தில் குழந்தையின் பொறுப்பை ஏற்பவர், கையொப்பம்.' மகள் எட்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடவேண்டியவர் ஒரு வாரமாக, "என் ஆய்வு முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த "பார்க்கலாம்" அந்த வீட்டில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறது.

"என்னங்க, யார் ஃபோன்ல?"

"ஒண்ணுமில்லை. சின்ன விஷயம்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கேரம் கூட்டாளியான வணிகவியல் ஆசிரியருக்கு ஃபோன் போட்டார்.

"இதுக்கா சார் இவ்வளவு பதட்டம்? வாய்க்கு வந்த தேதியை அடிச்சு விடுங்க. யார் பார்க்கப் போறா?"

அடிக்குறிப்பாருக்கு அது பிடிக்கவில்லை. பொய் சொல்வது அவருக்கு ஆகாது என்பதல்ல. ஆதாரமில்லாத பொய் ஆகாது. ஏதோ ஒரு தேதியைப் போட்டு, அது ஆய்வுக்குப் பதிவு செய்வதற்கு முந்தின நாளாக அமைந்துவிட்டால் மானம் போய்விடும். தேதி பொய்யாக இருக்கலாம், ஆனால் எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும்.

அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். ஜன்னலோரம் போய்த் திரும்பும்போது பொறி தட்டியது. காலண்டர்!

அவர் மனைவி வருடா வருடம் மாதக் காலண்டரை வாங்கிச் சமையலறைக் கதவில் மாட்டுவாள். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய சங்கதி பொடி எழுத்தில் ஏறும். சிலிண்டர் வந்தது, தண்ணீர் வரவில்லை, அம்மாவுக்கு ஆபரேஷன், தம்பி வீடு மாறினான். வருடம் முடிந்ததும் சுருட்டிப் பரணில் வைத்துவிடுவாள். தொழில் புத்தி. இதில் முக்கியமான சங்கதி, எந்த வேலைக்கு அவரைக் கூப்பிட்டு அவர் வராமல் போனாரோ, அந்தக் கட்டத்தின் கீழே அவள் தவறாமல் எழுதிவைப்பாள்: 'அவர்: ஆய்வு.'

ஆகா! இதைவிட ஆதாரம் வேண்டுமா? அந்த நாட்களில் அவர் ஆய்வு செய்தார் என்று பெண்டாட்டியே கைப்பட எழுதிவைத்திருக்கிறாள். அந்தத் தேதிகளை எடுத்து அறுபத்தொரு தளங்களுக்கும் பங்குபோட்டு விட்டால் முடிந்தது கதை. அடிக்குறிப்பார் தன் முதுகில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். கை எட்டவில்லை, தோளோடு நின்றது.

பரணில் ஏறினார், இருமினார், இறங்கினார். ஒன்பது சுருள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். கப்பல், குதிரை, அருவி, பனிமலை என்று வருடத்துக்கு ஒன்று. விரித்து எண்ணினார். 'அவர்: ஆய்வு' மொத்தம் முப்பத்துநாலு இடத்தில் இருந்தது. ஒரு நாளுக்கு இரண்டு தளம் வீதம் போட்டால் தாராளம்.

இனி ஒரே சிக்கல், தட்டச்சு. அவர் இரண்டு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிப்பவர். வழக்கமாக அடித்துத் தரும் கடைக்கார அம்மாள் ஊரில் இல்லை. மனைவியோ திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரு பக்கம் அடித்துவிடுவாள்.

"ஏம்மா…" குரலில் தேன் ஒழுகியது. "ஒரு சின்ன உதவி."

"என்ன, தேதி இல்லையாமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கதவைச் சாத்திக்கிட்டுக் கத்தினீங்க. கொண்டாங்க." படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். "சொல்லுங்க, அடிக்கிறேன். ஆனா ஒண்ணு. பொய்த் தேதி என் கையால ஏறாது. எங்க பிரிவுல யார் ஃபைலை எடுத்துப் பார்த்தாலும், பார்த்த அன்னைக்குத் தேதியைப் போட்டுக் கையெழுத்து. ஒரு நாள் மாத்திப் போட்டா வேலை போயிரும்."

"பொய்யா? நானா? எல்லாம் உன் கையெழுத்துலயே இருக்கு!" காலண்டர்களை மேசையில் பரப்பினார். மணி பத்தே முக்கால்.

ஆய்வின் தலைப்பு உங்களுக்குத் தெரிய வேண்டாமா? 'இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் வீட்டுவேலைப் பகிர்வு.' ஒன்பது வருடம் இதை எழுதியவர் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததில்லை. அதற்கு நேரம் எங்கே? ஆய்வு இருந்ததே!

"முதல் தளம். ஆண்கள் பாத்திரம் தேய்க்கும் சராசரி நிமிடங்கள். பார்த்த நாள், குதிரை வருஷம், மார்ச் பதினாலு."

மனைவி அடிக்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கீழே வரைக்கும் போனாள்.

"இந்தக் கட்டுரையை அவங்க வெளியிட்டதே அருவி வருஷம் ஆகஸ்ட்லங்க."

"அதனால?"

"எழுதுறதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே நீங்க படிச்சுட்டீங்களா?"

அடிக்குறிப்பாருக்கு வியர்த்தது. இதை அவர் யோசிக்கவே இல்லை. "ஏதோ கவனப்பிசகு. வேற தேதி போடு."

"போடலாம். ஆனா அன்னைக்குத்தான் எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு வாங்கன்னு கெஞ்சினேன். மூணாவது இயல் முடிக்கணும், தலைபோற அவசரம்னீங்க. அன்னைக்கு இதைப் படிக்கலைன்னா வேற என்னத்தைப் படிச்சீங்க?"

"புத்தகம்… புத்தகம் படிச்சிருப்பேன்."

"மூணாவது இயல்ல புத்தகமே இல்லைங்களே. முழுக்க இணையம்தான். நான்தான் பிழை திருத்தினேன்."

சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்றது. இத்தனை வருடத்தில் அதன் சத்தம் அவர் காதில் விழுந்ததே இல்லை. இன்றைக்கு மண்டைக்குள் அடித்தது.

"ஏம்மா, மணி ஆகுது. நாலு மணிக்குக் கவுன்டரை மூடிருவாங்க. சும்மா எதையாவது அடியேன்!"

"எதையாவது அடிச்சு, அந்த அலுவலர் கட்டுரையைத் திறந்து பார்த்தா? நான் பார்த்தேனே, அவர் பார்க்க மாட்டாரா? வெளியாகாததைப் படிச்சேன்னு எழுதினா ஆய்வேடே மோசடின்னு ஆயிரும். பட்டமும் போகும், அப்புறம் கல்லூரி வேலையும் போகும்."

"இப்போ என்னதான் பண்றது?"

"எங்க பிரிவு வழக்கம் ஒண்ணு இருக்கு. ஒரு ஃபைல் எந்த அலமாரியில இருக்குன்னு தெரியலைன்னா, எந்த அலமாரியில இல்லைன்னு ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கிட்டே வருவோம். நிஜமா எந்த நாள் படிச்சீங்கன்னு தெரியணும்னா, படிக்காத நாளையெல்லாம் முதல்ல கழிக்கணும். மிச்சம் நிக்கிறது நிஜமான நாள்."

எவ்வளவு நியாயமாகச் சொன்னாள் பாருங்கள்! முழுகுகிறவனுக்கு அதில் குற்றம் கண்டுபிடிக்க நேரமில்லை. "சரி, கழி" என்றார்.

"மார்ச் பதினாலு. என்ன பண்ணீங்க?"

"அது… வணிகவியல்காரர் வீட்டுல… கேரம்."

டக் டக் டக் என்று விசைப்பலகை ஓடியது. அவர் எட்டிப் பார்ப்பதற்குள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கழிச்சாச்சு. அருவி வருஷம், ஜூன் ரெண்டு. தம்பி வீடு மாறின நாள். பீரோ தூக்க ஆள் இல்லைன்னு உங்களைக் கூப்பிட்டான். 'அவர்: ஆய்வு.'"

"அன்னைக்கு நிஜமாவே படிச்சேன்! சத்தியமா!"

"அந்தக் கட்டத்துலயே மேல எழுதியிருக்கேன் பாருங்க. காலை ஏழுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் மின்சாரம் இல்லை."

பார்த்தார். இருந்தது. பொடி எழுத்து, ஆனால் தெளிவு.

"தூங்கினேன்" என்றார்.

"எத்தனை மணி நேரம்?"

"அது எதுக்கு இப்போ?"

"ஒரு மணி நேரம் தூங்கிட்டு மிச்சத்துல படிச்சிருந்தா, அந்த நாளைக் கழிக்கக் கூடாதில்லையா? உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

"ஒன்பதுலேர்ந்து நாலு வரைக்கும்."

டக் டக் டக்.

பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்த நாள், 'அவர்: ஆய்வு.' தனியாக சினிமா. அந்த வாரம் மடிக்கணினி ரிப்பேர் கடையில் இருந்தது என்று காலண்டர் சொன்னது, மறுக்க வழியில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்த இரண்டு நாள், பூங்காவில் பெஞ்சு. குழாய் உடைந்து சமையலறையில் முழங்கால் மட்டும் தண்ணீர் நின்ற நாள், மறுபடி கேரம்.

"அன்னைக்கு ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"தோத்தேன்."

"பாவம்" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள்.

பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அடிக்குறிப்பார் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு நாளையும் கழிக்கக் கழிக்க, பட்டம் ஒரு பக்கம் கையை விட்டு நழுவியது, வீட்டில் இருந்த மரியாதை மறு பக்கம் நழுவியது. எதைப் பிடிப்பது? தேதி நிஜம் என்றால் ஆய்வு மோசடி. தேதி பொய் என்றால் ஒன்பது வருடமாக வீட்டில் சொன்னதெல்லாம் மோசடி. இரண்டு பக்கமும் இடி.

இருபத்தெட்டாவது கட்டத்தில் அவள் விரல் நின்றது. பனிமலை வருடம், நவம்பர் ஒன்பது. அங்கே சங்கதி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு சின்னப் புள்ளி மட்டும். கீழே 'அவர்: ஆய்வு.'

"இதென்ன புள்ளி?" என்றார்.

"அன்னைக்கு எனக்குத் துறைத் தேர்வு. பாப்பாவுக்குக் காய்ச்சல் நூத்து மூணு. நாலு மணி நேரம் பார்த்துக்கோங்க, எழுதிட்டு ஓடி வந்துடறேன்னு சொன்னேன். உங்க வழிகாட்டி அவசரமாக் கூப்பிடுறார்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டீங்க." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் எழுதப் போகலை."

அடிக்குறிப்பார் கடிகாரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வேறு பார்க்க இடமில்லாமல் அவளைப் பார்த்தார்.

"வழிகாட்டி கூப்பிடலை."

"ம்."

"எனக்குப் பயமா இருந்துச்சு. பிள்ளை அனத்தினா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. கல்லூரி நூலகத்துல போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம்கூடப் புரட்டலை."

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, அடியில் ஒரு விளக்கமும் சேர்க்காமல் நிறுத்திக்கொண்டார்.

மனைவி அடித்தாள். இந்தத் தடவை மெதுவாக.

"சரி, அடுத்தது" என்றாள்.

மணி ஒன்று. முப்பத்துநாலு நாளும் முடிந்தது.

"கழிச்சாச்சுங்க."

"மிச்சம் எத்தனை நாள் நிக்குது?"

"ஒண்ணும் நிக்கலை."

அடிக்குறிப்பார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. ஒரு நாளாவது தப்பித் தவறிப் படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"அப்போ நான் எப்போதான் இதையெல்லாம் படிச்சேன்?"

"நடுவுல அப்பப்போ படிச்சிருப்பீங்க. என்கிட்ட ஆய்வுன்னு சொல்லாத நாள்ல."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சு! ஒன்பது வருஷம் போச்சு! கல்லூரியில என் மூஞ்சியை எங்க கொண்டு வைப்பேன்? பலகைக்காரன்கிட்ட என்னன்னு சொல்வேன்?"

அவள் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அழாதீங்க. முதல் தளத்தைத் திறங்க."

"எதுக்கு?"

"திறந்து பாருங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும். நீங்க அதுலேர்ந்து எடுத்த வரி இன்னும் அங்க இருக்கான்னு பாருங்க. இருந்தா, பார்த்த நாள் இன்னைக்குத் தேதி."

"இன்னைக்கா?"

"முதல் தடவை பார்த்த நாளைப் போடணும்னு அவர் சொன்னாரா? பார்த்த நாள்னுதான சொன்னார்? இன்னைக்குப் பார்த்தா இன்னைக்குத் தேதி. அதுல பொய் எங்க இருக்கு?"

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று அடிக்குறிப்பாரின் தொண்டை வரை வந்தது. கடிகாரம் அதைக் கேட்க விடவில்லை. ஒன்று பத்து! அறுபத்தொரு பக்கம்!

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது வேலையல்ல, போர். அவர் திறந்தார், படித்தார், "இருக்கு" என்றார். அவள் தன் அலுவலக மடிக்கணினியில் தேதியை அடித்தாள். "இருக்கு." டக். "இருக்கு." டக். பத்தாவது தளத்தில் இணையம் சுற்றிச் சுற்றி நின்றது. அவர் அதைத் திட்டினார். அவள் ஃபோனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். இருபத்துமூன்றாவது பக்கத்தில் அவர் எடுத்துக்காட்டியிருந்த எண்ணிக்கையையே தளக்காரர்கள் மாற்றியிருந்தார்கள். ஐயோ என்று அலறி, ஆய்வேட்டில் அந்த எண்ணைத் திருத்தினார். மூன்று தளங்கள் செத்தே போயிருந்தன. அவற்றையும், அவற்றை நம்பி எழுதிய மூன்று வரிகளையும் அவள் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டினாள்.

"அது என் அருமையான வரிம்மா!"

"ஆதாரம் இல்லை. போகட்டும்."

நாற்பதாவது ரொம்ப முக்கியமானது, ஐந்தாம் இயலுக்கே அதுதான் தூண். அதையும் காணோம். அடிக்குறிப்பார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் காப்பகத் தளம் ஒன்றுக்குப் போய் அதன் நகலைத் தோண்டியெடுத்தாள். "இது காப்பகத்துல பார்த்ததுன்னு சேர்த்து எழுதணும்" என்றாள். அவருக்குத் தெரியாத விதியெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று ஐந்துக்கு ஐம்பத்தெட்டும் முடிந்தது. அச்சு இயந்திரம் நாலாவது தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. அவர் அதன் தலையில் குத்தினார். அவள் மூடியைத் திறந்து தாளை உருவினாள். மூன்று இருபத்தெட்டுக்கு ஸ்கூட்டர் கிளம்பியது. ஓட்டியவள் அவள். பின்னால் ஆய்வேட்டைக் கட்டிப்பிடித்தபடி அவர். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், "போயேன், போயேன்" என்று முதுகுக்குப் பின்னால் புலம்பினார். "சிவப்புங்க" என்று அவள் நிதானமாகச் சொன்னாள்.

மூன்று ஐம்பத்துநாலு. அலுவலர் கவுன்டர் கதவில் கை வைத்துவிட்டார். அடிக்குறிப்பார் தலையை உள்ளே விட்டார்.

அலுவலர் பட்டியலைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எல்லாத்துக்கும் இன்னைக்குத் தேதியே இருக்கு. இன்னைக்கேவா சார் அத்தனையும் பார்த்தீங்க?"

"பார்த்தேன்." கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. அதைப் பார்த்தவர் யாரும் சந்தேகப்பட முடியாது.

"ரொம்பச் சரியான முறை சார். பல பேர் கற்பனையா பழைய தேதி போட்டுட்டு வந்து மாட்டிக்குவாங்க. சரி, முதல் பக்கத்துல உறுதிமொழி இருக்கு, கையெழுத்துப் போடுங்க."

'இந்த ஆய்வேட்டில் கூறியுள்ள முடிவுகளும் பரிந்துரைகளும் என்னுடையவை, உண்மையானவை என உறுதி கூறுகிறேன்.' பேனா பாய்ந்தது. முத்திரை டப்பென்று விழுந்தது. மூன்று ஐம்பத்தேழு.

வெளியே வந்தவர் வேறு ஆளாக இருந்தார். நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. "முடிச்சுட்டேன் பார்த்தியா! என்னை என்னன்னு நினைச்சாங்க?" என்றார்.

மரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்த மனைவி, பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினாள். பேனாவையும் நீட்டினாள்.

"என்ன இது?"

"என் பயிற்சி. அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும். காலிக் கட்டத்துல கையெழுத்துப் போடுங்க."

"அதான் சொன்னேனே, ஆய்வு முடியட்டும், பார்க்…" அங்கேயே நின்றுவிட்டார். ஆய்வு முடிந்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

வேறு வழி தேடினார். "மூணு மாசம்மா! சமையல், துணி, பிள்ளையோட படிப்பு… நான் ஒருத்தன் எப்படிச் சமாளிப்பேன்? வாய்மொழித் தேர்வுக்கு வேற தயாராகணும்."

அவள் ஒரு தாளை எடுத்தாள். படித்தாள். "'மனைவி பயிற்சிக்காகவோ படிப்புக்காகவோ வெளியூர் செல்ல நேர்ந்தால், வீட்டுப் பொறுப்பு முழுவதையும் கணவர் தயக்கமின்றி ஏற்கவேண்டும்.' உங்க ஆய்வேடு, பக்கம் இருநூத்துப் பதினாலு, மூணாவது பரிந்துரை."

"அது… ஆய்வுக்காக எழுதினது."

"அப்போ பொய்யா? உள்ளே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா? உண்மையானவைன்னு இப்பத்தான கையெழுத்துப் போட்டீங்க. கவுன்டர் மூட இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

அடிக்குறிப்பார் கவுன்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காலையிலிருந்து மாட்டிக்கொண்ட அதே இடுக்கு!

"இன்னொண்ணும் இருக்கு" என்று மற்றொரு தாளை நீட்டினாள். அழகாக அடித்து, வரிசை எண் போட்டு, ஓரம் ஒதுக்கி, ஒரு பிழை இல்லாமல் இருந்தது.

'1. கணவர். "மூன்றாவது இயல்." உண்மையில்: கேரம். நேரில் கேட்டது. கேட்ட நாள்: இன்று.

2. கணவர். "ஐந்தாவது இயல்." உண்மையில்: தூக்கம், காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை. நேரில் கேட்டது. கேட்ட நாள்: இன்று.'

அப்படியே முப்பத்துநாலு. இருபத்தெட்டாவதில் 'நூலகம், பயம்' என்று மட்டும் இருந்தது. அதற்கு நேரே ஒரு சின்னப் புள்ளி.

அந்தப் புள்ளியை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு படிவத்தை வாங்கி, ஸ்கூட்டர் இருக்கையில் வைத்து, காலிக் கட்டத்தில் முழுக் கையெழுத்தாகப் போட்டார்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா என்ன மருந்துன்னு எழுதிவச்சுட்டுப் போ" என்றார்.

"கதவுல ஒட்டியாச்சு. போன வாரமே."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மத்தியானத்திலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி இப்போதுதான் வெளியே வந்தது.

"ஏம்மா, இன்னைக்குத் தேதியே போடலாம்னு உனக்கு எப்போ தோணுச்சு?"

"நீங்க முதல் தளம்னு ஆரம்பிக்கும்போதே. பத்தே முக்காலுக்கு."

"பத்தே முக்காலுக்கா? அப்போ ஒரு மணி வரைக்கும் என்னை உட்காரவச்சு ஒவ்வொரு நாளாக் கேட்டியே, அது எதுக்கு?"

"அது என்னோட ஆய்வுங்க" என்றாள் மனைவி. "ரெண்டேகால் மணி நேரத்துல முடிஞ்சிருச்சு."